ஸயாஹித் ஒட்டக விழாவில் ஒரு நாள்: அழகுப் போட்டியும் நாம் பார்க்க மறந்த மேய்ப்பர்களும்

கடந்த டிசம்பர் விடுமுறையில் உம்ராவை நிறைவேற்றிவிட்டு, நாடு திரும்புவதற்கு முன் சில நாட்கள் ரியாதில் நண்பர்களுடன் தங்கியிருந்தேன். அப்போது ஒரு நாள் அவர்களோடு பாலைவனத்தில் நடைபெறும் மன்னர் அப்துல் அஸீஸ் ஒட்டக விழாவுக்குப் போய் வந்தேன். ஊருக்கு வந்து அதைச் சொன்ன இடமெல்லாம் ஒரே கேள்விதான் வந்தது. "ஒட்டகத்துக்கும் அழகுப் போட்டியா சேர்?" ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். பள்ளிவாசல் முன்றலில் ஒரு பெரியவர், "காசு கூடினா இப்படித்தான்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

நானும் போகும்போது ஏறத்தாழ அந்த எண்ணத்துடன்தான் போனேன். வரும்போது வேறு விடயங்கள் மனதில் இருந்தன. அவற்றில் ஒன்று நம் ஊர்களிலிருந்து வெளிநாடு செல்லும் இளைஞர்கள் சம்பந்தப்பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் ஆசிரியர் கலாசாலையில் என்னோடு படித்தவர்; ஆசிரியத் தொழிலை விட்டு, இப்போது ரியாதில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறார். மற்றவர் அங்கு நம்மவர்களுக்கு வார இறுதியில் பாடம் நடத்தும் ஒரு மௌலவி. நான்காமவர் எங்கள் வாகனத்தை ஓட்டி வந்த ஊர்ச் சகோதரர். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒரு காலத்தில் இதே பாலைவனத்தில் பதினான்கு மாதங்கள் ஒட்டகம் மேய்த்தவர். அது புறப்படும்வரை எனக்குத் தெரியாது.

விழா எங்கே, எதற்காக?

ரியாதிலிருந்து வடகிழக்கே ரும்மாஹ் செல்லும் வீதியில் நூறு கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். ஸுபஹுத் தொழுகையை முடித்துப் புறப்பட்டோம். பாலைவனம் என்றாலே வெப்பம் என்று நினைத்து நான் மெல்லிய சேட்டுடன் வந்துவிட்டேன். டிசம்பர் மாதத்து விடியற்காலைக் குளிர் நுவரெலியாவை நினைவூட்டியது. மௌலவி தன் சால்வையைத் தந்ததால் தப்பினேன்.

விழா நடைபெறும் ஸயாஹித் என்ற இடம் தஹ்னா பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. வடக்கே நுஃபூத் பாலைவனத்தையும் தெற்கே றுப்உல் காலி எனப்படும் பெரும் பாலையையும் இணைத்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வளைந்து செல்லும் செம்மணல் பட்டிதான் தஹ்னா. சூரியன் மேலே வந்ததும் அந்த மணல் செங்கல் தூள் போலத் தெரிந்தது. அதன் நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூடாரங்கள், தண்ணீர் பவுசர்கள், தீனி ஏற்றிய லொறிகள், பட்டிபட்டியாக ஒட்டகங்கள்.

மோட்டார் வாகனம் வரும்வரை அரேபியப் பாலைவனத்தில் ஒட்டகம்தான் வாகனம், பால், இறைச்சி, கூடாரத்துக்கான கம்பளி, மஹர், நட்டஈடு எல்லாம். எண்ணெய் வந்து, வீதி வந்து, வாகனம் வந்ததும் ஒட்டகத்துக்கு இருந்த வேலை போய்விட்டது. ஆனால் பதவிகளுக்கு மனிதர்கள் நகரத்துக்கு வந்த பிறகும் கோத்திரத்தின் பெருமை ஒட்டகத்தோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. அழகுப் போட்டிகள் அந்தப் பெருமைக்கு ஒரு களமாயின. 2017 ஆம் ஆண்டு மன்னர் சல்மானின் ஆணைப்படி ஒட்டகக் கழகம் அமைக்கப்பட்டு, விழா இன்றைய பெரிய வடிவத்தைப் பெற்றது. 2022 ஜனவரியில் பெண்களும் முதன்முறையாகத் தம் ஒட்டகங்களைப் போட்டிக்குக் கொண்டுவந்தார்கள். 2024 ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை ஒட்டக இனங்களின் சர்வதேச ஆண்டாக அறிவித்தபோது, சவூதி கலாசார அமைச்சும் அதை ஒட்டகத்தின் ஆண்டு எனப் பெயரிட்டுக் கொண்டாடியது.

அழகை எப்படி அளக்கிறார்கள்?

எனக்கு எல்லா ஒட்டகமும் ஒன்றுபோலவே தெரிந்தன. எங்கள் சாரதிச் சகோதரர்தான் விளக்கினார். முதலில் நிறம். கறுப்பு நிறத்தவை மஜாஹீம். வெள்ளை நிறத்தவை வுள்ஹ். இவை தவிர ஸுஃப்ர், ஷுஃல், ஹும்ர், ஷுக்ஹ் என மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புச் சாயல்களுக்குத் தனித்தனிப் பெயர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் போட்டி. தனி ஒட்டகமாகவும் போட்டியிடலாம். முப்பது, ஐம்பது, நூறு என மந்தையாகவும் போட்டியிடலாம். மந்தைப் போட்டியில் ஒட்டகங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதும் கணக்கில் வரும்.

"ஹும்ர்" என்று அவர் சொன்னதும் மௌலவி என்னைப் பார்த்தார். கைபர் யுத்தத்தின்போது, ஒரு மனிதர் நேர்வழி பெறுவது செந்நிற ஒட்டகங்களை விட மேலானது என்று நபி (ஸல்) அவர்கள் அலி (ரழி) அவர்களுக்குச் சொன்னதை நாம் எத்தனை பயான்களில் கேட்டிருக்கிறோம். செந்நிற ஒட்டகம் அன்று அரபிகளிடம் இருந்த ஆக விலைமதிப்பான செல்வம். அந்த நிறத்தை முதன்முதலில் கண்ணால் பார்த்தபோதுதான் அந்த ஒப்பீட்டின் கனம் எனக்குப் புரிந்தது. இத்தனை வருடங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது என் மனதில் ஏதோ ஒரு சிவப்பு வர்ணம்தான் இருந்தது. உண்மையில் அது மாலை வெயில் பட்ட மண்ணின் நிறம்.

நிறத்துக்குப் பிறகு உறுப்புகள். தலை பெரிதாக இருக்க வேண்டும். உதடு நீண்டு தொங்க வேண்டும். கழுத்து நீளமாக இருக்க வேண்டும். திமில் முதுகின் பின்பக்கம் தள்ளி, உருண்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். காது, மூக்கின் வளைவு, கால்களின் நீளம், பாதத்தின் அகலம் என்று நடுவர்கள் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். "நம்மட ஊரில மாடு வாங்கப் போனா பல்லப் பாப்பம், சுழி பாப்பம் தானே சேர். அதுதான் இதும்" என்றார் அவர். அவர் சொன்னது சரி. நம்மிடம் இருந்தால் அனுபவம். மற்றவரிடம் இருந்தால் விசித்திரம்.

வென்ற மந்தை களத்துக்குள் வரும்போது உரிமையாளரின் உறவினர்கள் வாகனங்களில் பின்தொடர்ந்து வந்தார்கள். முதியவர் ஒருவர் கண் கலங்கி நின்றார். ஒரு சிறுவன் தன் தலைத்துணியைச் சுழற்றிக்கொண்டு ஓடினான். அங்கே காசு மட்டும் இருக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உதட்டில் ஏற்றிய ஊசி

ஆனால் காசும் இருந்தது. 2021 ஆம் ஆண்டு விழாவின் மொத்தப் பரிசுத் தொகை சுமார் 6 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலர் எனச் செய்திகள் கூறின. பரிசு பெற்ற ஒட்டகத்தின் விலையும் அதன் குட்டிகளின் விலையும் பல மடங்கு ஏறிவிடும். இவ்வளவு பணம் ஓர் உதட்டின் நீளத்தில் தொங்கும்போது என்ன நடக்கும்?

2018 ஜனவரியில் பன்னிரண்டு ஒட்டகங்கள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டன. உதடு பெரிதாகத் தெரிவதற்காகப் போட்டொக்ஸ் ஊசி ஏற்றப்பட்டிருந்ததே காரணம். மனிதர்கள் முகச் சுருக்கத்தைப் போக்க ஏற்றிக்கொள்ளும் அதே ஊசிதான். 2021 டிசம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள் நீக்கப்பட்டன. உதட்டையும் மூக்கையும் இழுத்து நீட்டுவது, தசை பெருக்க ஹோர்மோன் கொடுப்பது, இரத்தம் தேங்கி வீங்கும்படி உறுப்புகளை இறப்பர் வளையத்தால் கட்டுவது எனப் பல வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இப்போது போட்டிக்கு முன்னரே எக்ஸ்றே, அல்ட்ராசவுண்ட் கருவிகளால் சோதிக்கிறார்கள். பிடிபட்டால் தண்டம், போட்டித் தடை.

இந்தச் செய்தி உலகம் முழுவதும் வேடிக்கைச் செய்தியாகப் போனது. நானும் அன்று அதை நண்பர்களுக்குக் கைபேசியில் அனுப்பிச் சிரித்தவன்தான். களத்தில் நிற்கும்போது மௌலவி ஒரு கேள்வி கேட்டார். "சேர், இது புதுசு என்டு நினைக்கிறீங்களா?"

பால் கறக்காமல் விடப்பட்ட மடி

மௌலவி நினைவூட்டியது ஃபிக்ஹு நூல்களில் "தஸ்ரியா" என்ற பெயரில் வரும் ஒரு மோசடி. பெண் ஒட்டகத்தையோ ஆட்டையோ விற்பதற்கு முன் சில நாட்கள் பால் கறக்காமல் விட்டுவிடுவார்கள். மடி பெருத்து, பால் நிறையத் தரும் மிருகம் போலத் தெரியும். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஓரிரு நாட்கள் கறந்த பிறகுதான் உண்மை தெரியும்.

நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ள அந்த நபிமொழியில் ஒட்டகமும் ஆடும் பெயர் குறித்தே சொல்லப்படுகின்றன. தடுத்ததோடு அது நிற்கவில்லை. ஏமாந்தவருக்குப் பரிகாரமும் சொல்லப்பட்டது. விரும்பினால் மிருகத்தை வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் சேர்த்து, மிருகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விற்றவர் ஏமாற்றினார் என்பதற்காக வாங்கியவர் பாலை இலவசமாகக் குடித்துவிடவும் முடியாது. இரு பக்கமும் நீதி.

இன்றைய சட்டங்களில் நுகர்வோர் பாதுகாப்பு என்று நாம் படிக்கும் விடயம் இது. பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை, தீர்மானிக்கக் கால அவகாசம், பயன்படுத்திய பகுதிக்கு ஈடு. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஓர் ஒட்டகத்தின் மடியை வைத்து அது கற்பிக்கப்பட்டிருக்கிறது. மடிக்குப் பதிலாக உதடு, கறக்காமல் விடுவதற்குப் பதிலாக ஊசி. வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இதைக் கேட்டு அரபிகளைக் குறை சொல்லிவிட்டு நாம் போய்விட முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து உழ்ஹிய்யாவுக்கு ஒரு மாடு வாங்கினோம். வயிறு நிறைந்து கொழுகொழுவென்று நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் விலா எலும்பு தெரிகிறது. உப்புத் தண்ணீர் குடிக்கக் கொடுத்து நிறுத்தியிருந்தார் வியாபாரி. வணக்கத்துக்காக வாங்கும் மிருகத்தில் அந்த ஏமாற்று. பாடசாலைகளில் நாங்களும் சுத்தமில்லை. வெளிவாரி மதிப்பீட்டுக்கு ஆட்கள் வரும் நாளில் மட்டும் சுவரில் பிள்ளைகளின் ஆக்கங்கள் தொங்கும். மறு வாரம் பார்த்தால் ஆணி மட்டும் இருக்கும். அதுவும் ஒரு வகை உதடு ஊசிதான்.

பாடப் புத்தகத்து ஒட்டகம்

பகல் ளுஹரையும் அஸரையும் பயணிகளாகச் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். சாப்பாட்டுக்கு ஹாஷி எனப்படும் இளம் ஒட்டக இறைச்சி போட்ட கப்ஸா. உண்ட பிறகு பக்கத்துத் தரைவிரிப்பில் இருந்த சவூதிக் குடும்பத்தார் எழுந்து வுழூச் செய்யப் போனார்கள். ஒட்டக இறைச்சி உண்டால் வுழூ முறியும் என்பது ஹன்பலி மத்ஹபின் நிலைப்பாடு. நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்துப்படி முறியாது. கலாசாலை நண்பர் என்னைப் பார்த்தார். மௌலவி சிரித்துக்கொண்டே தானும் எழுந்து வுழூச் செய்துவிட்டு வந்தார். "கருத்து வேறுபாட்டிலிருந்து வெளியே வாறதுக்கு ரெண்டு போத்தல் தண்ணி போதும் சேர்" என்றார். நம் ஊர்ப் பள்ளிகளில் இதை விடச் சிறிய விடயங்களுக்கு எவ்வளவு பெரிய பிளவுகள் வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

ஸகாத் பாடத்தில் ஐந்து ஒட்டகத்துக்கு ஓர் ஆடு, பத்துக்கு இரண்டு, இருபத்தைந்துக்கு ஒரு வயது நிறைந்த பெண் ஒட்டகம் என்று பிள்ளைகளை மனனம் செய்ய வைக்கிறோம். அங்கே அந்தக் கணக்கு உயிரோடு நின்றது. ஒட்டகத்துக்குரிய இந்த ஸகாத், ஷாஃபிஈ மத்ஹபின்படி, பொது மேய்ச்சல் நிலத்தில் தானாக மேயும் மந்தைக்குத்தான். தீனி விலைக்கு வாங்கிப் போட்டு வளர்க்கப்படும் ஒட்டகங்களுக்கு அந்த அட்டவணை பொருந்தாது. அவற்றை வியாபாரத்துக்காக வைத்திருந்தால் வியாபாரப் பொருளுக்குரிய இரண்டரை வீதம் வரும். "இங்க ஸகாத் கணக்குப் பாக்கிறது என்ட ஓபீஸ் கணக்க விடக் கஷ்டம்" என்றார் கணக்கு நண்பர்.

சூரா அல்காஷியாவின் 17 ஆவது வசனம் ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கும்படி மனிதனை அழைக்கிறது. விஞ்ஞானிகள் கவனித்துப் பார்த்துச் சொன்னவை வியப்புக்குரியவை. திமிலில் இருப்பது தண்ணீர் அல்ல, கொழுப்பு. உடலெங்கும் கொழுப்புப் போர்வை இருந்தால் வெப்பம் வெளியேறாது. அதனால் கொழுப்பு ஓரிடத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. தாகத்தோடு வரும் ஒட்டகம் பத்துப் பதினைந்து நிமிடங்களில் நூறு லீற்றர் அளவு தண்ணீர் குடித்துவிடும். அதன் செங்குருதிச் சிறுதுணிக்கைகள் நீள்வட்ட வடிவானவை. அவ்வளவு தண்ணீர் திடீரென வந்தாலும் அவை வெடிப்பதில்லை. பகலில் உடல் வெப்பநிலையைப் பல பாகை உயரவிட்டு, இரவுக் குளிரில் இறக்கிவிடும். வியர்வைக்குத் தண்ணீர் வீணாகாது. 1950களில் நூட் ஷ்மித் நீல்சன் என்ற விஞ்ஞானி அல்ஜீரியப் பாலைவனத்தில் ஓர் ஒட்டகத்தின் முடியைச் சிரைத்துப் பார்த்தார். அது மற்றவற்றை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தண்ணீரை வியர்வையாக இழந்தது. வெயிலில் கம்பளி ஏன் என்று நாம் கேட்போம். அந்தக் கம்பளிதான் அதன் குடை.

போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அங்கு அன்போடு கறந்த சூட்டில் பால் தருவார்கள். 2012 இல் சவூதியில் முதன்முதலில் இனங்காணப்பட்ட மேர்ஸ் வைரஸ் ஒட்டகங்களிலிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியது. பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும், ஒட்டகத்தைத் தொட்டால் கை கழுவ வேண்டும் என்பது சுகாதாரத் துறையினரின் ஆலோசனை. நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஒட்டகங்களுக்கு அருகே போகாதிருப்பதே நல்லது.

மேய்ப்பரின் கதை

அஸருக்குப் பிந்திய வெயிலில் எங்கள் சாரதிச் சகோதரரைக் காணவில்லை. தேடிப்போனால், பரிசுக் களத்துக்குப் பின்னால், தீனி லொறிகள் நிற்கும் பக்கத்தில், சூடான் நாட்டு மேய்ப்பர்கள் இருவரோடு நெருப்பருகே அமர்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவர்களோடு ஓர் பங்களாதேஷ் இளைஞனும் இருந்தான். கைகள் வெடித்து, நகங்களுக்குள் மணல். காலை முழுவதும் நாங்கள் பார்த்து வியந்த வெள்ளை ஒட்டகங்களைக் கழுவி, வாரி, கயிறு கட்டிக் களத்துக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான்.

அவர்களில் மூத்தவர் எழுந்து நின்று ஒரு குரல் கொடுத்தார். பாட்டும் இல்லை, கூப்பாடும் இல்லை. தூரத்தில் சிதறி நின்ற ஒட்டகங்கள் தலையைத் திருப்பி, வரிசையாக அவரை நோக்கி நடக்கத் தொடங்கின. ஒட்டகங்களைக் குரலால் அழைக்கும் இந்தக் கலையின் பெயர் ஹிதாஃ. சவூதி, ஓமான், ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளின் பெயரில் 2022 இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. எங்கள் சகோதரரும் எழுந்து ஒரு குரல் கொடுத்தார். ஒட்டகங்கள் அவருக்கும் வந்தன. நாங்கள் கைதட்டினோம். அவர் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில்தான் சொன்னார். ஊரில் ஓர் உப முகவர் வீட்டுச் சாரதி வேலை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். விமான நிலையத்தில் ஏற்றிய வாகனம் நகரத்துக்குப் போகவில்லை. ஆறு மணித்தியாலம் ஓடி, ஒரு கூடாரத்தின் முன் நின்றது. எண்பது ஒட்டகம், ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு சூடானியர். கைபேசிக்குச் சிக்னல் இல்லை. வாரம் ஒருமுறை பவுசரோடு குபூஸும் வெங்காயமும் வரும். முதல் ஐந்து மாதம் சம்பளம் இல்லை. மகள் பிறந்த செய்தி இருபத்தொரு நாட்கள் கழித்துத்தான் கிடைத்தது.

"ஒட்டகம் பாவம் சேர். அதுல எனக்குக் கோவம் இல்ல. ராவைக்கு குளிருக்கு அதோட ஒட்டித்தான் படுப்பன். காலையில டொக்டர்மார் மெஷின் வெச்சி ஒட்டகத்திட உதட்டச் சோதிச்சத்தப் பாத்தீங்க தானே. பதினாலு மாசத்தில என்னய ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்கல்ல."

அயலில் கூடாரமிட்டிருந்த ஒரு சவூதி முதியவர்தான் பேசி, கடனாகப் பணமும் கொடுத்து, கபாலாவைத் தன் பெயருக்கு மாற்றி, அவரை நகரத்தில் சாரதியாக வைத்திருக்கிறார். இன்றும் அவரிடம்தான் வேலை. "அவரும் அரபிதான், மத்தவரும் அரபிதான் சேர்" என்றார். இந்த நியாயத்தை நாமும் விட்டுவிடக் கூடாது. நல்ல எஜமானர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் நல்லவர் வாய்ப்பது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது என்பதற்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

சட்டத்தில் இருக்கும் இடைவெளி

வேலையாள் தன் எஜமானரின் அனுமதியின்றி வேலை மாறவும் நாட்டை விட்டு வெளியேறவும் வழி செய்யும் சீர்திருத்தத்தைச் சவூதி அரேபியா 2021 மார்ச்சில் நடைமுறைப்படுத்தியது. அது நல்ல மாற்றம். ஆனால் அது தொழிற் சட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு. வீட்டுப் பணியாளர், வீட்டுச் சாரதி, விவசாயத் தொழிலாளர், தனியாரின் மேய்ப்பர் போன்றோர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். நம் நாட்டிலிருந்து போவோரில் மிகப் பலர் இந்த வகுப்பினர்தான்.

மாற்றவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டகப் பந்தயத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு காலத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகளை ஒட்டகத்தின் மேல் கட்டி ஓட்டினார்கள். பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான், மொரித்தானியா போன்ற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் அவர்கள். 2005 இல் ஐக்கிய அரபு இராச்சியம் அதைச் சட்டத்தால் தடை செய்தது. யுனிசெப்பின் உதவியோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தம் நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே காலத்தில் கட்டார் சிறிய இயந்திர மனிதர்களைப் பந்தயத்தில் இறக்கியது. இன்று ஒட்டகத்தின் முதுகில் இருப்பது சில கிலோ எடையுள்ள கருவி. உரிமையாளர் பக்கத்தில் வாகனத்தில் ஓடிக்கொண்டு அதை இயக்குகிறார். பந்தயம் அழியவில்லை. பிள்ளைகள் மட்டும் தப்பினார்கள்.

ஒட்டகத்தின் முதுகிலிருந்து குழந்தையை இறக்க முடிந்தது. ஒட்டகத்தின் உதட்டைக் காப்பாற்றக் கருவி வந்தது. ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து நிற்பவரின் சம்பளம் மாதம் முடியக் கையில் சேர்வது அவ்வளவு கடினமான காரியமா?

அபூதாவூதில் ஒரு சம்பவம் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்துக்குள் போனபோது அங்கிருந்த ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. அவர்கள் அதன் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்து ஆறுதல்படுத்தினார்கள். பிறகு உரிமையாளரை அழைத்து, அதைப் பட்டினி போட்டு அதிகமாக வேலை வாங்குவதாக அது முறையிடுகிறது என்று கண்டித்தார்கள். அன்று ஓர் ஒட்டகத்துக்கு முறையிட இடம் இருந்தது.

வீசாவில் உள்ள ஒரு சொல்

சவூதியின் சட்டத்தை நாம் மாற்ற முடியாது. நம் ஊரில் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அதை ஆசிரியன் என்ற முறையில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தச் சகோதரரிடம் நான் கேட்டேன், "வீசாவில் என்ன தொழில் என்று போட்டிருந்தது?" அவர் சொன்ன பதில் என்னை வெட்கப்பட வைத்தது. "ராஈ என்டு இரிந்திச்சி சேர். அரபில. எனக்கு வாசிக்கத் தெரியும். கருத்துத் தெரியாது."

ராஈ என்றால் மேய்ப்பர். அவர் சின்ன வயதில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதி முடித்தவர். எழுத்துக்கூட்டி அரபு வாசிப்பார். ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவை பற்றி விசாரிக்கப்படுவர் என்று வரும் நபிமொழியை நம் பிள்ளைகளில் மனனம் செய்யாதவர் குறைவு. அந்த ஹதீஸில் பொறுப்பாளர் என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் இதே "ராஈ"தான். அவரும் மனனம் செய்திருந்தார். ஹதீஸில் ஓதிய சொல் தன் வீசாவில் இருந்தபோது அவருக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு அதைக் கற்பித்தவர்கள் நாங்கள்.

எனவே வெளிநாடு போகும் தம்பிமாருக்கும் அவர்களை அனுப்பும் வாப்பா, உம்மாமாருக்கும் சில விடயங்கள். வீசாவில் உள்ள தொழிலின் பெயரை அரபு தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசித்துக்கொள்ளுங்கள். "ஸாஇக் காஸ்" என்றால் தனியார் சாரதி. "ராஈ" என்றால் மேய்ப்பர். "ஆமில் மன்ஸிலி" என்றால் வீட்டு வேலையாள். "மஸ்ரஆ" என்ற சொல் வந்தால் தோட்டம். வீசாவில் உள்ளதும் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போகாதீர்கள். அதன் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தை வீட்டாரும் எழுதி வைத்துக்கொள்ளட்டும். கடவுச்சீட்டு, வீசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியையும் வீட்டில் விட்டுச் செல்லுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எந்த மாகாணம், எந்த ஊர், எஜமானரின் பெயர் என்ன என்பதை வீட்டுக்குத் தெரிவியுங்கள். பதினான்கு மாதங்களும் அந்தச் சகோதரரின் குடும்பத்துக்கு அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்றே தெரியாது.

பள்ளிவாசல் நிருவாகங்கள் உம்ராவுக்குப் போவோருக்கு வழிகாட்டல் வகுப்பு நடத்துகின்றன. வேலைக்குப் போவோருக்கும் ஓர் இஷாவுக்குப் பின் அரை மணித்தியாலம் ஒதுக்கலாம். ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

ரியாதின் வெளிச்சம் தெரியத் தொடங்கியபோது கலாசாலை நண்பர் கேட்டார், "ஊருக்குப் போய் வேற வேலை செய்ற எண்ணம் இல்லையா தம்பி?" சகோதரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சொன்னார், "மகளுக்குப் பத்து வயசு காக்கா. ஓ லெவல் முடியும் மட்டும் இரிப்பன். அவ அரபு நல்லாப் படிக்கிறா. கருத்தோட."

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும், பதினோராம் ஆண்டு வகுப்பில் அந்த ஹதீஸைக் கரும்பலகையில் எழுதி, ராஈ என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு இழுத்தேன். அதன் கருத்தைக் கேட்டேன். "பொறுப்பாளர் சேர்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். "வேறு கருத்து?" என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அன்றைய பாடத்தை அங்கிருந்துதான் தொடங்கினேன்.